விமானம் செலுத்துவோர் புகை பிடிக்கலாமோ?

ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுருட்டொன்றைப் பற்றவைப்பானாயின், அஃது அவனுக்கும் அவன் நுரையீரலுக்கும் இடைப்பட்ட வழக்கென்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாம். அவன் மனைவி மக்கள் அதனை ஒவ்வாராயினும், அயலார் அதில் தலையிடுதற்கு உள்ள உரிமை சிறிதே. அவனே பிறர் உயிரைக் கையிற் கொண்ட தொழிலாளியாய், அத்தொழிலைச் செய்துகொண்டிருக்கும் வேளையிலேயே புகைபிடிப்பானாயின், வழக்கு அவ்வளவில் நில்லாது. அத்தகைய தொழில்களுள் விமானம் செலுத்துந் தொழில் முதன்மையானது. பூமிக்கு மேலே 35,000 அடி உயரத்தில், பூட்டிய கதவுக்கு அப்பால், நாம் முகமும் அறியாத இருவர் நம்மைச் சுமந்து செல்கின்றனர். அவ்விருவரும் புகைபிடிக்கலாமோ, ஆகாதோ என்னும் வினா பலநாளாக எம் உள்ளத்தில் கிடந்து உழன்றது. அதுபற்றி யாம் எண்ணியவற்றை ஈண்டுக் கல்லூரி நண்பர்கள் முன் வைக்கின்றோம்.

இதற்கு விடை முன்னரே கிடைத்துவிட்டதன்றோ, இன்று பெரும்பாலான விமானக் கம்பெனிகள் தம் விமானிகளுக்கும் புகையைத் தடுத்துவிட்டனவே, இனி ஆராய்வதற்கு யாதுளது என்று வினவுவாரும் உளர். தடுத்தது உண்மையே. ஆயினும், காரணம் விளங்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி, காண்பார் உள்ள இடத்தில் நிற்கும். காண்பார் இல்லாத இடத்தில் நழுவும். விமானி அமரும் அறையோ காண்பார் இல்லாத இடம். ஆதலின் விதியை அறிந்ததோடு அமையாது, அதன் காரணத்தையும் அறிதல் வேண்டும்.

வானத்திற் செல்வோர்க்குப் புகைமேல் உள்ள வேட்கை புதியதன்று. 1936-ஆம் ஆண்டு ஜெர்மானியர் பறக்கவிட்ட ஹிண்டன்பர்க் என்னும் ஆகாயக் கப்பல், ஏறக்குறைய 2,00,000 கன மீட்டர் ஹைட்ரஜன் வாயுவைத் தன்னகத்தே அடைத்துக்கொண்டு அட்லாண்டிக் மாகடலைக் கடந்தது. ஒரு பொறி பட்டால் எரிந்துபோகும் அவ்வாயுவின் கீழே, பிரயாணிகள் புகைபிடித்தற்கென்றே ஓர் அறை அமைத்திருந்தனர். வாயு உள்ளே புகாதவாறு அவ்வறையின் காற்றழுத்தத்தைச் சற்றே உயர்த்தினர். வாயிலுக்கு இரட்டைக் கதவு இட்டனர். மின்சாரத்தால் இயங்கும் கொளுத்தி ஒன்றை மட்டும் அங்கு வைத்தனர். பிரயாணிகளிடம் இருந்த தீக்குச்சிகளையெல்லாம் ஏறும்போதே வாங்கிக்கொண்டனர். 1937-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆந் தேதி அக்கப்பல் அமெரிக்க நாட்டு லேக்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் எரிந்து வீழ்ந்தது. 36 பேர் மாண்டனர். அவ்வழிவிற்குப் புகையறை காரணமென்று எவரும் நிலைநாட்டினாரல்லர். அதனை யாம் எடுத்துக்காட்டியது, புகையை விடமாட்டாத மனிதன் அதன்பொருட்டு எத்துணைப் பாடும் படுவான் என்பதை உணர்த்துதற்கே.

பின்னர் வந்த விமானங்களில் நெடுங்காலம் பிரயாணிகளும் விமானிகளும் தடையின்றிப் புகைத்தனர். அமெரிக்க நாட்டில் 1988-ஆம் ஆண்டு, இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட உள்நாட்டுப் பிரயாணங்களில் முதன்முதல் தடை வந்தது. 1990-ஆம் ஆண்டு அத்தடை ஏறக்குறைய எல்லா உள்நாட்டு விமானங்களுக்கும் விரிந்தது. 1992-ஆம் ஆண்டு உலக நாடுகளின் விமானப் போக்குவரத்துச் சபை, நாடுகளுக்கிடையே செல்லும் விமானங்களிலும் 1996-ஆம் ஆண்டு ஜூலைக்குள் புகையை ஒழிக்குமாறு எல்லா அரசுகளையும் வேண்டிற்று. இங்கே கருதத்தக்கதொன்று உண்டு. அமெரிக்கர் 1990-இல் விதித்த தடை பிரயாணிகள் இருக்கும் பகுதியைக் கட்டிற்றேயன்றி, விமானி அறையைக் கட்டவில்லை. முந்நூறு பேர் புகையின்றி அமர்ந்திருக்க, முன்னே இருந்த இருவர்க்கு மட்டும் உரிமை நின்றது. அவ்விருவர்பால் கொண்ட தாட்சண்ணியமன்று அதற்குக் காரணம். பழகிய புகையை இடையில் நிறுத்தினால் விமானியின் கவனம் சிதறும், அச்சிதறல் புகையினும் கொடிதாய் முடியும் என்னும் அச்சமே காரணம். இவ்வச்சம் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. இதனைப் பின்னர் ஆராய்வாம்.

புகைக்கு மாறாகக் கூறப்படும் காரணங்களுள் முதலாவது தீ. 1973-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆந் தேதி, பிரேசில் நாட்டு வாரிக் கம்பெனியின் போயிங் 707 விமானம் ஒன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நகரை நெருங்கியபோது, பின்புறக் கழிப்பறையில் தீப்பற்றிற்று. விமானிகள் நிலையத்தை அடைய இயலாமல் வழியிலிருந்த வயலொன்றில் இறக்கினர். இருந்த 134 பேரில் 123 பேர் இறந்தனர்; அவர்களுட் பலர் தரையைத் தொடுமுன்னரே புகையால் மூச்சடைத்து மாண்டவர். குப்பைத்தொட்டியில் எவரோ எறிந்த சிகரெட்டுத் துண்டு காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன் பின்னரே கழிப்பறையிற் புகைத்தலைத் தடுக்கும் பலகைகளும், சாம்பற் கிண்ணங்களும் கட்டாயமாயின. இன்றும், புகை முற்றும் தடுக்கப்பட்ட விமானங்களிலும், கழிப்பறைக் கதவருகே ஒரு சாம்பற் கிண்ணம் இருத்தல் வேண்டும் என்பது விதி. இதனைக் கண்டு நகைப்பார் பலர். எமக்கோ அச்சிறு கிண்ணம் பெரியதோர் அறிவுடைமையாகத் தோன்றுகின்றது. தடுத்த பின்னும் எவனோ ஒருவன் மீறுவான். மீறியவன் துண்டைக் காகிதக் குப்பையில் எறியாதிருத்தற்கு ஓரிடம் வேண்டும். விதியை இயற்றியோர் மனிதனின் வலிமையை மட்டுமன்றி, அவன் பலவீனத்தையும் எண்ணி இயற்றினர்.

ஆயினும் தீ ஒன்றையே கொண்டு விமானிகளைத் தடுத்தல் போதாது. விமானி தன் இருக்கையில் இருந்து, தன் கண்ணெதிரே புகைக்கின்றான். மறைவிடத்திற் குப்பையில் எறிபவன் அல்லன் என்று எதிர்க்கட்சியார் கூறலாம். 2016-ஆம் ஆண்டு மே மாதம் எகிப்து நாட்டு விமானம் ஒன்று மத்தியதரைக் கடலில் வீழ்ந்து 66 பேர் மாண்டதற்கு, விமானி அறையிற் புகைத்த சிகரெட்டே காரணம் எனப் பத்திரிகைகள் பின்னர் எழுதின. பிரெஞ்சு நிபுணர்கள் விமானி அறையில் பிராணவாயு கசிந்து தீ மூண்டதென்று கருதினர். எகிப்து அரசின் அறிக்கையோ வெடிபொருளைக் காரணம் காட்டிற்று. சிகரெட்டு என்பதை இருசாராரும் துணிந்து கூறவில்லை. ஆதலின் அதனை எம் கட்சிக்குச் சான்றாக யாம் கொள்ளோம். மெய்யான காரணம் உள்ளபோது ஐயமான சான்றை நாடுதல் வழக்கைக் கெடுக்கும்.

இரண்டாவது காரணம் மூச்சு. விமானம் 35,000 அடியிற் பறப்பினும், உள்ளே இருப்பார்க்கு 8,000 அடிக்கு மேற்படாத ஒரு மலையின்மேல் இருப்பதுபோன்ற காற்றே அமைத்துத் தரப்படுகின்றது. அவ்வுயரத்தில் பிராணவாயுவின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கே. எரியும் புகையிலையினின்று எழும் கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சு வாயு, இரத்தத்திலுள்ள செம்பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. ஆகவே, புகைப்பவன் முன்னரே மெலிந்த காற்றில் இருந்துகொண்டு, தன் இரத்தத்தின் ஒரு பகுதியைத் தானே அடைத்துவிடுகின்றான். உடல் 8,000 அடியில் இருக்க, இரத்தம் அதனினும் உயர்ந்த மலையேறிவிடுகின்றது. இவ்வாறு பிராணவாயு குறையுங்கால் முதலில் வருந்துவது இருளிற் பார்க்கும் கண். இரண்டாம் உலகப் போர் நடந்த 1944-ஆம் ஆண்டிலேயே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மக்பார்லண்டும் அவர்தம் துணைவரும், இவ்வாயு இரத்தத்திற் சிறிதளவு சேரினும் ஒளியை உணரும் ஆற்றல், உயரத்திற் சென்றாற்போலக் குறைவதை அளந்து எழுதினர். இரவில், மழையில், ஓடுபாதையின் விளக்குகளைத் தேடும் கண் எவ்வளவு தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது காரணம் துணைவன். எமக்கு இதுவே முதன்மையானதாகப் படுகின்றது. விமானி தனியே இருப்பவன் அல்லன். அவனருகே துணை விமானி ஒருவர் இருக்கின்றார். பெரும்பாலும் இளையவர், தலைவரின் நன்மதிப்பை நாடியிருப்பவர். புகைவண்டியில் அருகிருப்பவன் புகைத்தால் நாம் வேறு பெட்டிக்குச் செல்லலாம். துணை விமானி எங்கே செல்வார்? "ஐயா, அதனை அணைத்துவிடுங்கள்" என்று சொல்ல அவர்க்கு உரிமை உண்டு. நா எழுதல் அரிது. சிகரெட்டைப் பற்றிச் சொல்ல நா எழாதவர்க்கு, "ஐயா, நாம் மிகத் தாழ்ந்துவிட்டோம்" என்று சொல்ல மட்டும் நா எழுமோ? சிறிய காரியத்தில் வாயடைத்துப் பழகியவன் பெரிய காரியத்திலும் வாய் திறவான். விக்கிரகங்களுக்குப் படைத்த உணவை உண்ணலாமோ என்று கொரிந்து சபையார் வினவியபோது, பவுல் அப்போஸ்தலர், உண்பவனின் உரிமையை மறுத்தாரல்லர். அவ்வுரிமை பலவீனனாகிய சகோதரனுக்கு இடறலாகுமாயின் அதனை விட்டுவிடுதலே அன்பு என்று போதித்தார். உரிமை உண்டோ என்பதோடு நில்லாமல், அருகிருப்பவன் யார் என்று நோக்கும் அந்நோக்கே இவ்வழக்கிற்கும் திறவுகோலாம். 

இனி, முன்னர் நிறுத்திவைத்த அச்சத்திற்கு வருவாம். புகையைத் திடீரென நிறுத்தினவன் சில மணி நேரத்திற்குள் எரிச்சலும் அமைதியின்மையும் கவனக்குறைவும் எய்துவான் என்பது மருத்துவர் அறிந்ததே. எம் வீட்டில் யாம் கண்டதும் அதுவே. எம் தந்தையார் ஒரு கடையில் நெடுங்காலம் கணக்கெழுதியவர். சுருட்டுப் பழக்கம் உடையவர். ஆண்டுதோறும் லெந்து நாட்களில் அதனை விட்டுவிடுவது அவர் நோன்பு. முதல் வாரத்தில் அவரை அணுகுதலே கடினம். பேரேட்டில் கூட்டல் தவறும். அடித்தெழுதிய இடங்கள் பெருகும். ஆயினும் அவர் செய்த ஒன்றை இன்றும் வியக்கின்றோம். அவ்வாரம் தொடங்கும் நாளன்றே, தம்மினும் மிக இளையவனாகிய கணக்குப்பிள்ளையை அழைத்து, "தம்பி, இந்த வாரம் என் கூட்டலை நம்பாதே, நீயும் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடுவார். அவ்வாறு சொல்லுவதால் அவர் மதிப்புக் குறைந்ததில்லை. கடையின் கணக்கும் பிழைபட்டதில்லை.

புகையை நிறுத்துதலால் வரும் இடர் மெய்யானது என்பதை எதிர்க்கட்சியாரோடு யாமும் ஒப்புகின்றோம். ஒப்பியபின் அவர் செல்லும் வழியில் யாம் செல்லோம். பத்து மணி நேரம் ஒரு பொருளின்றி இருக்கமாட்டாதவனுக்கு அப்பொருளை வானத்திற் கொடுத்துவிடுக என்பது அவர் தீர்ப்பு. அவன் நிலையை நிலத்திலேயே அறிந்து, நிலத்திலேயே உதவுக என்பது எம் தீர்ப்பு. தடை ஒன்றையே போட்டுவிட்டு, தடைபட்டவன் என்ன ஆவான் என்று கேளாதிருந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவாம்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆந் தேதி, ஏர் சைனா கம்பெனியின் போயிங் 737 விமானம் ஒன்று, 153 பிரயாணிகளுடன் ஹாங்காங்கிலிருந்து தாலியான் நகருக்குச் சென்றுகொண்டிருந்தது. துணை விமானி மின்சிகரெட்டுப் பிடித்தார். தடுக்கப்பட்ட செயலாதலின், அதன் ஆவி பின்னே பிரயாணிகள் இருக்கும் இடத்திற்குப் பரவுதல் கூடாதென்று, காற்றைச் சுழற்றும் விசிறியை நிறுத்த எண்ணினார். எண்ணியவர் விசை மாறி, விமானத்துள் காற்றையே செலுத்தும் இயந்திரங்களை நிறுத்திவிட்டார். உள்ளே காற்று மெலிந்தது; அபாய மணி ஒலித்தது; பிரயாணிகளின் தலைக்கு மேலிருந்து பிராணவாயுக் கவசங்கள் வீழ்ந்தன; விமானம் 35,000 அடியிலிருந்து ஏறக்குறைய 10,000 அடிக்கு விரைந்து இறக்கப்பட்டது. பின்னர்ப் பிழை தெரிந்து, நல்வினைப் பயனாய் எவர்க்கும் உயிர்ச்சேதமின்றித் தாலியானை அடைந்தது. விமானிகளின் உரிமம் பறிபோயிற்று. அந்நாளில் அவ்விமானத்தை இடருக்குள்ளாக்கியது ஆவியன்று. ஆவியை மறைக்க எழுந்த கை. தன் குறையைச் சொல்ல இடமில்லாதவன் அதனை மறைப்பான். மறைக்கும் கை விசையைத் தவறும்.

அதே ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆந் தேதி நிகழ்ந்ததோ துயரம் மிக்கது. வங்காள தேசத்து யூ.எஸ்.-பங்களா கம்பெனியின் விமானம் ஒன்று காத்மாண்டு நிலையத்தில் இறங்குங்கால் நொறுங்கி எரிந்தது. இருந்த 71 பேரில் 51 பேர் மாண்டனர். தலைமை விமானி மனவேதனையால் நிலைகுலைந்திருந்தார் என்றும், பறக்கும்போது அறையில் புகைபிடித்துக்கொண்டிருந்தார் என்றும், இருவரும் தாம் எங்கே இருக்கின்றோம் என்னும் தெளிவை முற்றும் இழந்துவிட்டனர் என்றும் ஆராய்ச்சியாளர் கண்டனர். அருகிருந்த துணை விமானி அனுபவம் மிகக் குறைந்த இளையவர். சிகரெட்டு அவ்விமானத்தை வீழ்த்திற்று என்று கூறுதல் மிகையாம். யாம் அவ்வாறு கூறோம். வீழ்த்தியது வேறு. ஆயினும் அச்சிகரெட்டு ஓர் அடையாளம். அறையில் எழுந்த புகை, அங்கே ஓர் உள்ளம் வெந்துகொண்டிருக்கின்றது என்பதை வெளிப்படையாகக் காட்டிற்று. அதனைக் கண்ணுற்ற ஒருவர் அருகே இருந்தார். தடுத்து நிறுத்தும் வலிமை அவர்க்கு இருந்ததில்லை. விதி ஒன்று ஏட்டில் இருந்தது; விதியின் பெயரால் வாய் திறக்கும் துணிவை எவரும் அவ்விளையவர்க்குக் கொடுத்திருந்தார்களோ என்பதே யாம் எழுப்பும் வினா.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்குங்கால் எமக்குத் தோன்றும் முடிபு இதுவாம். விமானம் செலுத்துவோர் பறக்கும்போது புகைபிடித்தலாகாது. தடை ஐயத்திற்கு இடமின்றி, தலைவன் துணைவன் என்னும் வேறுபாடின்றி நிற்க வேண்டும். புகைபிடிப்பவன் தீயவன் என்பதால் அன்று. எம் தந்தையாரைத் தீயவர் என்று சொல்ல யாம் ஒருப்படோம். ஆனால் அத்தடையோடு மூன்று காரியங்கள் சேர்தல் வேண்டும். ஒன்று, புகைப்பழக்கம் உடைய விமானி அதனை மருத்துவரிடம் அஞ்சாமற் சொல்லும் நிலைமை. சொன்னதனால் வேலை போகும் என்று எண்ணுபவன் சொல்லான். இரண்டு, பழக்கத்தை விடுதற்கு நிலத்திலேயே உதவி. வாயில் அடக்கும் பசை, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை முதலியவை இன்று உள. மருத்துவர் ஆராய்ந்து, பறத்தற்குத் தக்கவை இவை என வகுத்துக் கொடுத்தல் ஆகும். விடுகின்ற முதல் வாரங்களில் அவனை வானத்தில் ஏற்றாமல் வேறு பணியில் வைத்தலும் ஆகும். மூன்று, துணை விமானியின் நாவுக்குக் காவல். இளையவர் சொன்ன ஒரு சொல்லுக்காக எந்தத் தலைவனும் அவரைப் பின்னர் வருத்த இயலாதபடி கம்பெனி நிற்றல் வேண்டும். இம்மூன்றும் இன்றித் தடை மட்டும் இருப்பின், அது சாம்பற் கிண்ணம் இல்லாத கழிப்பறையை ஒக்கும். மீறுவோன் மீறுவான், நெருப்பு எங்கே விழும் என்பதை எவரும் அறியார்.

திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். மகிழ்ச்சியின் மயக்கத்தாலும் பழக்கத்தின் சோர்வாலும் கடமையை மறந்துவிடாமை என்பது அதன் கருத்து. அதனை இல்லறத்தார்க்கு உரிய இயலில் வையாது, பொருட்பாலில் அரசியலுள் வைத்தார். தனியொருவன் சோர்ந்தால் அவன் கெடுவான்; பிறரைக் காக்கும் பொறுப்புடையான் சோர்ந்தால் அவனை நம்பியிருந்தாரும் உடன் கெடுவர். இந்நாளில் ஒரு விமானத்தின் முன்னறையில் இருப்பவன், சில மணி நேரத்திற்கு, முந்நூறு பேர்க்கு அரசனே. அவனுக்கு முடியும் செங்கோலும் இல்லை. உறங்கும் குழந்தைகளும், வேலைதேடிச் செல்லும் வாலிபரும், மகள் வீட்டுக்குப் போகும் முதியோரும் அவன் பின்னே இருக்கின்றனர். அவர்கள் அவனிடம் கேட்பது பெரிய தியாகமன்று. தெளிந்த கண்ணும், கலங்காத இரத்தமும், அருகிருப்பவனின் சொல்லுக்குத் திறந்த செவியுமே. அவற்றைக் காத்துக்கொள்ள அவனுக்கு உதவுதல் ஆள்வோர்க்கும் கம்பெனிகளுக்கும் கடமை. அக்கடமையைச் செய்தபின் விதிக்கும் தடையே நீதியான தடையாம். அதனையே காண்பார் இல்லாத இடத்திலும் விமானி மனமொப்பிக் காப்பான்.